எண்பது பிரியாணி, பதினோரு பேர்

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஒன்று, பொள்ளாச்சி மளிகைக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த தமிழ்த் தினசரி காலண்டர். இன்னொன்று மலையாள மாதக் காலண்டர். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் பேசும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த இரட்டையைப் பார்க்கலாம். ரேஷனும் பள்ளிக்கூடமும் கேரளத்துக் கணக்கு. கல்யாணமும் காதுகுத்தும் தமிழ்நாட்டுக் கணக்கு. பிறந்ததிலிருந்து இந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் 2024-ல் ஊரில் ஒரு தொழில்நுட்ப நிகழ்ச்சி நடத்தத் தேதி குறித்தபோது இரண்டையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை 23,400 ரூபாய், மூன்று மாத இரவுத் தூக்கம், கொஞ்சம் மானம். இப்படி ஒரு வேலையைத் தனியாகத் தலையில் கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

விதை விழுந்தது கொச்சியில். 2023 செப்டம்பரில், கணினியை இயக்கும் இலவச மென்பொருளான டெபியனை உருவாக்குபவர்களின் உலக மாநாடு அங்கே நடந்தது. கோவையில் மென்பொருள் சோதனை வேலையில் இருக்கும் நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்தவர்கள், யாரிடமும் சம்பளம் வாங்காமல், நாற்காலி தூக்குவதிலிருந்து ஒளிபரப்புக் கேமராவைப் பிடிப்பது வரை தாங்களே செய்துகொண்டிருந்தார்கள். திரும்பும் ரயிலில் எனக்கு ஒரே யோசனை: நம் ஊரில் ஏன் இப்படி ஒரு நாள் நடத்தக்கூடாது? யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். உலகம் முழுக்க 2004-லிருந்து கட்டற்ற மென்பொருள் நாள் என்று ஒன்றைத் தன்னார்வலர்கள் கொண்டாடுகிறார்கள். செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அதற்கான நாள். 2024-ல் அது 21-ஆம் தேதி. தேதியைத் தேடி அலைய வேண்டிய வேலை இல்லை, உலகமே குறித்துக் கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முதல் கோணல் அங்கேதான்.

ஜூன் மாதம் வேலையைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்றால், இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து சுவரொட்டி வரைந்தேன். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து மட்டும் ஒரு வாரம் போனது. பிறகு பதிவுப் படிவம் ஒன்று செய்து, சென்னை, கோவை, பெங்களூரு, திருவனந்தபுரம் என்று எனக்குத் தெரிந்த தொழில்நுட்ப நண்பர்களின் வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களில் எல்லாம் போட்டேன். இதயக்குறிகள் மழையாகக் கொட்டின. ஆகஸ்ட் கடைசியில் பதிவு 143-ஐத் தொட்டது. தினமும் காலையில் எழுந்ததும் அந்த எண்ணைப் பார்ப்பது ஒரு போதையாகிவிட்டது. படிவத்தில் பெயர், மின்னஞ்சல், படிப்பு எல்லாம் கேட்டிருந்தேன். எந்த ஊர் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம், டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூச்சம் ஒரு காரணம். ‘இவர்களுக்கு இதெல்லாம் என்ன புரியப்போகிறது’ என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யப் போனேன். எங்கள் பக்கத்தில் கல்யாணங்களுக்குப் பிரியாணி போடும் ராவுத்தர் பாய் ஒருவர் இருக்கிறார். 143 பேரில் எப்படியும் 80 பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு, 80 சிக்கன் பிரியாணி, ஒன்று 130 ரூபாய் என்று பேசினேன். அவர் நோட்டைத் திறந்து, தேதியை எழுதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “புரட்டாசி சனிக்கிழமைக்கா கேட்கிறாய் அம்மிணி?” என்றார். எனக்குச் ‘சனிக்கிழமை’ மட்டும்தான் காதில் விழுந்தது. “ஆமாம் பாய், சனிக்கிழமைதான்” என்றேன். “நன்றாக யோசித்துத்தானே சொல்கிறாய்?” என்று மறுபடியும் கேட்டார். விலையைக் குறைக்கச் சொல்வேன் என்று பயப்படுகிறாரோ என்று நினைத்து, முன்பணத்தை எண்ணி வைத்துவிட்டு வந்தேன். இந்த மொத்தக் கதையிலும் என்னை எச்சரித்த ஒரே மனிதர் அவர்தான்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். தொடக்கம் ஒன்பதரை மணி என்று போட்டிருந்தோம். எட்டரைக்கு மண்டபத்துக்குப் போனால் பூட்டு. செப்டம்பர் 21 ஸ்ரீநாராயண குரு சமாதி தினம். கேரளத்தில் அரசு விடுமுறை. சாவி வைத்திருந்தவர் ஓணத்துக்கு மகள் வீட்டுக்குப் போனவர், விடுமுறைதானே என்று திரும்பவில்லை. திருவோணம் 15-ஆம் தேதி முடிந்திருந்தாலும் பள்ளிகள் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஊரில் பாதிப் பேர் உறவுக்காரர் வீடுகளில். எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரம் தாண்டினால் காலாண்டுத் தேர்வு நேரம். பிள்ளைகள் புத்தகத்தை விட்டு எழுந்திருக்க அம்மாக்கள் விடமாட்டார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அது புரட்டாசி முதல் சனிக்கிழமை. தெருவில் போனவர்கள் எல்லோரும் நாமம் போட்டுக்கொண்டு பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொரு சாவியைத் தேடிப் பிடித்துக் கதவைத் திறந்தபோது மணி பத்து நாற்பது. அதற்குள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள் என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார்.

இங்கே கொஞ்சம் நின்று தேதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை என்பது 15-லிருந்து 21-க்குள்தான் வர முடியும். புரட்டாசி பெரும்பாலும் 17-ஆம் தேதி பிறக்கிறது. ஆகவே பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாள் புரட்டாசிச் சனியாகவே அமையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டாம், காலண்டர் போதும். உலக நாளை இரண்டு வாரம் தள்ளிக் கொண்டாடினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. எல்லைப்புறத்தில் நடத்துகிறவர்கள் இரண்டு மாநில விடுமுறைப் பட்டியலையும் இரண்டு பள்ளித் தேர்வு அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் இல்லாதவையும் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற கூட்டம், மாசியில் சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா, உள்ளூர் மாரியம்மன் சாட்டு. (கொங்கன் படை என்பது கொங்கு நாட்டுப் படையெடுப்பை முறியடித்ததன் கொண்டாட்டம். கொங்குத் தமிழர்களாகிய நாங்களும் வருடா வருடம் போய்ச் சந்தோஷமாக வேடிக்கை பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வருகிறோம்.) இவற்றுக்கெல்லாம் ஒரே ஆதாரம் ஊரில் வயதான பெண்கள்தான். என் அம்மாவிடம் தேதியை நான் சொன்னது அந்த வாரம்தான். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்லாததுதான் அதிகம் வலித்தது.

வந்தவர்கள் பதினோரு பேர். பதிவு செய்த 143 பேரில் நான்கு பேர். மற்ற ஏழு பேரும் பதிவே செய்யாதவர்கள். என் சித்தி மகன்கள் இருவர், எதிர் டீக்கடைக்காரர் அனுப்பிவைத்த பையன்கள் மூவர், கோயிலுக்குப் போகும் வழியில் கூட்டத்தைப் பார்த்து, அதாவது கூட்டம் இல்லாததைப் பார்த்து, உள்ளே வந்த ஓர் ஆசிரியரும் அவர் மகளும். கோவையிலிருந்து சிறப்புரைக்கு வந்த மூத்த நண்பர், 80 நாற்காலிகளுக்கு எதிரே நின்று, மென்பொருள் உரிமங்களைப் பற்றி ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யார் வருவார்கள், அவர்களுக்கு எந்த மொழி, என்ன தெரியும் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

உரை முடிந்ததும் ‘லினக்ஸ் என்றால் என்ன’ என்ற என் பாடம். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் கட்டற்ற மென்பொருள்தான் லினக்ஸ். பத்து நிமிடம் போயிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்த ஆசிரியரின் மகள் கையைத் தூக்கி, “அக்கா, இது எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதே. நாங்கள் இதில்தானே படிக்கிறோம்” என்றாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஐடி அட் ஸ்கூல் திட்டக் காலத்திலிருந்தே, இப்போது கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழியாக, கணினிப் பாடம் நடப்பது லினக்ஸில்தான். லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் கணினிக் குழுக்கள்கூட உயர்நிலைப் பள்ளிகளில் இருக்கின்றன. நான் படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சியில். இந்தப் பக்கப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று விசாரிக்காமலேயே, தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வந்தது அடுத்த அடி. பதிவு செய்து வந்த நான்கு பேரில் ஒரு கல்லூரிப் பெண். அப்பா வளைகுடாவிலிருந்து வாங்கி அனுப்பிய புது லேப்டாப். விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸும் வேண்டும் என்றாள். கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப இயக்கினேன்; நீலத் திரை வந்து, வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக்கான 48 இலக்க எண்ணைக் கேட்டது. அப்படி ஒன்று தன் கணினியில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கல்லூரிச் செயல்திட்டம் முழுக்க அதற்குள் இருந்தது. அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கணினியை முதலில் அமைத்துக் கொடுத்த பெரியப்பா மகனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருந்தது. அவர் ஷார்ஜாவில். அவரைத் தொலைபேசியில் பிடித்து எண்ணை வாங்க இரண்டு மணி நேரம் ஆனது. இன்றைக்கும் அந்த நீலத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இனி எந்த லேப்டாப்பைத் தொடுவதானாலும் முதலில் மூன்று காரியம் செய்கிறேன். வட்டு இப்படிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி உரிமையாளர் கையில் கொடுக்கிறேன். முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுக்கச் சொல்கிறேன். பிறகு, ‘என் சம்மதத்தோடு நிறுவப்படுகிறது’ என்று ஒரு சின்னத் தாளில் கையெழுத்து வாங்குகிறேன். நகல் இல்லாதவர்களுக்கு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டி அனுப்பிவிடுகிறேன். அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிரியாணிக்கு வருகிறேன். ஒரு மணிக்கு இரண்டு அண்டாக்கள் வந்து இறங்கின. வந்திருந்த பதினோரு பேரில் எட்டுப் பேர் அன்றைக்குக் கவிச்சி தொடமாட்டார்கள். மூன்று பேர் சாப்பிட்டார்கள். 77 பிரியாணியை என்ன செய்வது? பாய்க்குத் தொலைபேசினேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பத்து நிமிடத்தில் ஆளை அனுப்பி, பள்ளிவாசல் தெருவுக்கும் செங்கல் சூளையில் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். உணவு வீணாகவில்லை என்று இன்றுவரை அதை நினைத்துத்தான் ஆறுதல் பட்டுக்கொள்கிறேன். எட்டு பேருக்கும் எதிர்க் கடையில் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் கடனில்தான், கையில் பணம் தீர்ந்துவிட்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மண்டப வாடகை 3,000. சுத்தம் செய்யவில்லை என்று முன்வைப்புத் தொகையில் பிடித்துக்கொண்டது 500. பிளக்ஸ் இரண்டு, 1,800. ஆயிரம் நோட்டீஸ், 1,800. மைக் செட் 1,500. பரிசாகக் கொடுக்க 20 பென்டிரைவ், 6,400. பிரியாணி 10,400. விருந்தினர் பயணமும் சால்வையும் 2,000. ஆக 27,400. நண்பர்கள் கொடுத்தது 4,000. மிச்சம் என் சம்பளத்திலிருந்து. கூர்ந்து பார்த்தால் தெரியும், இதில் லினக்ஸுக்குத் தேவையான செலவு பென்டிரைவ் மட்டும்தான், அதிலும் நான்கு போதும். மற்றதெல்லாம் நிகழ்ச்சி ‘பெரிதாகத் தெரிய’ வேண்டும் என்ற என் ஆசைக்கு ஆன செலவு. எண்பது பேருக்குச் சால்வையும் மேடையும் வைத்தால் அது கல்யாணம்.

ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. குழுக்களில் ‘எப்படி நடந்தது, படங்கள் எங்கே’ என்று கேட்டார்கள், பதில் போடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, பதிவு செய்தவர்களில் தொலைபேசி எண் கொடுத்திருந்த 60 பேரை ஒவ்வொருவராக அழைத்தேன். எடுத்தவர்கள் 41 பேர். ‘கோபிக்க மாட்டேன், ஏன் வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்’ என்றேன். 15 பேர் இது இணையவழி நிகழ்ச்சி என்று நினைத்து இணைப்பு வரும் என்று காத்திருந்தவர்கள். ஒன்பது பேருக்குச் சான்றிதழ் உண்டா என்பதே கேள்வி. எட்டு பேர் மறந்தே போனார்கள். ஐந்து பேருக்குத் தேர்வு அல்லது கோயில். நான்கு பெண்கள் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: வீட்டில் விடவில்லை. யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், திரும்பப் பஸ் இருக்கிறதா, அங்கே கழிவறை இருக்கிறதா என்று அம்மா கேட்டபோது அவர்களிடம் பதில் இல்லை. நானும் ஒரு பெண். என் அம்மாவும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் என்னை எங்கும் அனுப்பியிருக்கிறார். என் சுவரொட்டியில் இவற்றில் ஒன்றுக்கும் விடை இல்லை. ஆனால் நான்கு மென்பொருள் சின்னங்கள் இருந்தன. அந்த இரண்டு மணி நேர அழைப்பை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு செய்திருந்தால் 80 பிரியாணி 15 ஆகியிருக்கும். பதிவு எண்ணிக்கையை வைத்துச் சமையலுக்குச் சொல்லாதீர்கள். ‘வருகிறேன்’ என்று காதால் கேட்டவர்களை மட்டும் எண்ணுங்கள், அதிலும் கால்வாசியைக் கழித்துவிடுங்கள்.

இன்னொரு பிழை மொழியில். சுவரொட்டியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடித்திருந்தேன். தமிழர்கள் நிறைந்த ஊர்தானே, தமிழ் போதும் என்று நினைத்தேன். ஆனால் இங்கே வீட்டில் தமிழ் பேசும் இளைஞர்களில் ஏராளமானோர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் எழுத்து படிக்க வராது. மலையாளத்தில் மட்டும் அடித்தால் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கும் பெரியவர்களுக்கும் புரியாது. காதுக்குத் தமிழ், கண்ணுக்கு மலையாளம் என்று வாழ்கிற ஊர் இது. அதனால் இப்போது நோட்டீஸ் இரு மொழியிலும், அதைவிட முக்கியமாக ஒரு நிமிடக் குரல் பதிவு ஒன்றும் தயார் செய்கிறேன். குரல் பதிவுக்கு எழுத்தறிவு தேவையில்லை, எழுத்துரு தேர்வும் தேவையில்லை. சொல்லையும் மாற்றினேன். ‘கட்டற்ற மென்பொருள் நாள்’ என்பதைப் படித்த டீக்கடைக்காரர், “கட்டணம் இல்லையா, கட்டுப்பாடு இல்லையா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். “அப்படியென்றால் போலீஸ் வராதா?” என்றார். அந்தச் சொல்மீது எனக்கு இன்னமும் பிரியம் உண்டு. கூட்டத்துக்குள் விளக்கிச் சொல்லலாம், வாசலில் மாட்டக்கூடாது. இரண்டாவது முறை நான் போட்ட தலைப்பு: ‘உங்கள் பழைய லேப்டாப்பை எடுத்து வாருங்கள், வேகமாக்கித் தருகிறோம்.’

ஆம், இரண்டாவது முறை ஒன்று இருந்தது. அதற்கு நான் காரணம் இல்லை. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அப்பா, ஆசிரியர் சொன்னேனே, அவர் எங்கள் பக்கத்து வாயனசாலையின், அதாவது ஊர் நூலகத்தின், நிர்வாகக் குழுவில் இருக்கிறார். டிசம்பரில் வழியில் பார்த்து, “மண்டபம் எதற்கம்மா? வாசிப்பு அறை சும்மாதானே கிடக்கிறது. முதலிலேயே எங்களிடம் வந்திருக்கலாமே” என்றார். கேரளத்தில் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து நூலகம் இருக்கிறது. நாற்காலி, மின்விசிறி, கழிவறை இருக்கிறது. எல்லாவற்றையும்விட, ஊர் நம்புகிற ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ‘வாயனசாலையில் நடக்கிறது’ என்ற ஒரே சொல், அம்மாக்களின் நான்கு கேள்விகளில் மூன்றுக்கு விடை. வாடகையும் கிடையாது.

தேதியை இம்முறை அம்மாவும் ஆசிரியரும் சேர்ந்து குறித்தார்கள். 2025 பிப்ரவரி 23, ஞாயிறு, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து. தைப்பூசம் முடிந்திருந்தது, பத்தாம் வகுப்புத் தேர்வு இன்னும் தொடங்கவில்லை, தேவாலயத்துக்குப் போகிறவர்களும் காலையிலேயே வீடு திரும்பிவிடுவார்கள். இணையத்தில் ஒரு வரிகூடப் போடவில்லை. காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். பத்து நிமிடம் வேறு பார்க்க ஒன்றுமில்லாமல் நிற்கும்போது மனிதர்கள் எதையும் படிப்பார்கள். கேரளத்துப் பெண்கள் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் போய் ஐந்து நிமிடம் பேசினேன். அங்கே ஓர் அக்கா, “தமிழ்நாட்டில் கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று என் அண்ணன் வீட்டில் பரணில் கிடக்கிறது. அதற்கும் செய்வீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு இன்னும் ஆறு பேருக்கு அவரவர் பரண் ஞாபகம் வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது; பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதை ஒரே வரியில் சொன்னபோது, விடுதலை, உரிமை என்று நான் முன்பு பக்கம் பக்கமாக எழுதியது புரியாதவர்களுக்கெல்லாம் புரிந்தது.

வேலையைப் பிரித்ததிலும் பாடம் கற்றிருந்தேன். முதல் முறை ஆறு தன்னார்வலர்கள் ‘பார்த்துக்கொள்ளலாம் அக்கா’ என்றார்கள். வந்தது இரண்டு பேர். ‘எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இம்முறை ஆளுக்கு ஒரு பொருள் கொடுத்தேன். சாவி ஒருவரிடம், நீட்டிப்பு மின்பெட்டிகள் ஒருவரிடம், டீயும் பருப்பு வடையும் ஒருவரிடம், வாசலில் பெயர் எழுதுவது ஒருவரிடம். பொறுப்பு என்பது கையில் பிடிக்கக்கூடிய பொருளாக இருந்தால் மறக்காது. சொல்லிக்கொடுக்கும் வேலையை அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணும் அவளுடைய லிட்டில் கைட்ஸ் தோழியும் எடுத்துக்கொண்டார்கள். அறுபது வயதுப் பெரியவர்களுக்கு மலையாளமும் தமிழும் கலந்து, ‘மாமா, இங்கே அமுக்குங்கள்’ என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த அழகுக்கு முதல் முறை நடந்த ஆங்கிலச் சிறப்புரை உறைபோடக் காணாது.

தொழில்நுட்ப ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தை நம்பாதீர்கள், தேவையான வட்டுப் பிம்பங்களை, அதாவது நிறுவல் கோப்புகளை, முன்பே இறக்கி, பல பிம்பங்களை ஒரே பென்டிரைவில் வைக்க உதவும் வென்டாய் என்ற மென்பொருளைப் போட்ட நான்கு பென்டிரைவ்களில் வைத்துக்கொண்டால் ஒரே பென்டிரைவிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவலாம். மின் இணைப்புகளை முதல் நாளே எண்ணிப் பாருங்கள். எங்கள் வாசிப்பு அறையில் மூன்றே பிளக்குகள், நீட்டிப்புப் பெட்டி இல்லாமல் போயிருந்தால் அங்கேயும் அழுதிருப்பேன். பழைய லேப்டாப்களில் பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை நான்கு முறை சொன்ன பிறகும் ஐந்து பேர் சார்ஜர் இல்லாமல்தான் வந்தார்கள்.

வந்தவர்கள் 34 பேர், 19 லேப்டாப்புகள். 13-ல் லினக்ஸ் ஏறியது, நான்கில் தூசி தட்டிக் கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்ததோடு சரி, இரண்டு உயிர்பெறவில்லை. அந்தப் பரண் லேப்டாப் பிழைத்துக்கொண்டது. இப்போது அதில் அந்த அக்கா குடும்பஸ்ரீ கணக்கை லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளில் போடுகிறார். மொத்தச் செலவு 1,850 ரூபாய்: டீ, வடை 900, மின்பெட்டிகள் 600, நகல் எடுத்தது 350. முதல் நோட்டீஸில் மிச்சமான எழுநூறு தாள் வீட்டில் இருக்கிறது. அம்மா அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுகிறார். தினமும் காலையில் ஒரு தாளைத் திருப்பும்போது என் நான்கு மென்பொருள் சின்னங்களும் என்னைப் பார்க்கின்றன.

ஆதரவு நிற்கும் அந்த அக்டோபருக்கு முன்பு இன்னொரு கூட்டம் வேண்டும் என்று வாயனசாலையில் கேட்டார்கள். நான் ஒரு தேதியை மனத்தில் வைத்துக்கொண்டு, இம்முறை முதலில் பாயிடம் போனேன். பிரியாணிக்கு இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டைப் புரட்டினார். “அன்றைக்கு இங்கே மூன்று கல்யாணம் அம்மிணி, ஊரில் ஒரு குஞ்சுகூட இருக்காது. அடுத்த ஞாயிறு வைத்துக்கொள், நானே என் பேரனை அனுப்புகிறேன்” என்றார். அடுத்த ஞாயிறுக்கே மாற்றிவிட்டேன்.